‘அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்!’ - ஆணோ பெண்ணோ, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய 8 விஷயங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவின் போன் அடிக்கிறது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பதால், பக்கத்தில் இருக்கும் மகள் போனை எடுத்து அம்மாவின் காதில் வைக்கிறாள்.

“ஏம்மா, ரசப்பொடி எந்த டப்பால இருக்கு?”

“மேல் தட்டுல, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்லங்க.”

“அதுல ஏதோ சீரகம் மாதிரி இருக்கே?”

“அது பூஸ்ட் பாட்டிலுங்க. அதுக்குப் பக்கத்துல பாருங்க.”

பாத்திரங்கள் உருளும் சத்தம். கொஞ்ச நேரம் மௌனம். “கிடைக்கல... சரி விடு, ஹோட்டல்ல வாங்கிக்கிறேன்.”

இது சிரிக்கவைக்கும் காட்சி. பல வீடுகளில் நடந்ததுதான். இதன் மறுபாதியும் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால், அதற்கு யாரும் சிரிக்க முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கிறது. கணவரின் பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வங்கி கவுன்டர் முன்பு நிற்கிறார் ஒரு பெண்.

“நாமினி யாரும்மா?”

“தெரியலையே சார்.”

“வேற பேங்க்ல அக்கவுன்ட் இருக்கா? இன்ஷூரன்ஸ் ஏதாவது?”

“ஏதோ கட்டிட்டு இருந்தார் சார். அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.”

முப்பது வருடங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். அடுக்களையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். பீரோவில் இருக்கும் ஃபைலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ‘உனக்கெதுக்கு இதெல்லாம், நான் பாத்துக்கிறேன்’ என்று கணவர் அன்பாகத்தான் சொன்னார். ‘நீங்க போய் உட்காருங்க, நான் பண்ணிக்கிறேன்’ என்று மனைவியும் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பின் விலை, ஒருவர் இல்லாத நாளில்தான் தெரிகிறது.

வீட்டில் வேலைகளைப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஒருவருக்குச் சமையல் பிடிக்கும், ஒருவருக்குக் கணக்கு வரும். ஆனால், வேலையைப் பிரிப்பது வேறு, அந்த வேலை பற்றிய அறிவையே பிரித்து ஒருவர் தலைக்குள் பூட்டிவைப்பது வேறு. தினமும் செய்ய வேண்டாம். தேவைப்படும் நாளில் செய்யத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போதைய நிலவரம் என்ன? மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019-ல் இந்தக் கணக்கு முறையே 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடங்களில் பெண்களின் சுமை 10 நிமிடம் குறைந்திருக்கிறது. அதை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா என்றால் இல்லை, அவர்களின் நேரமும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது.

இந்தப் பட்டியலில் பாதி, ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை. பாதி, பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை. எது எந்தப் பாதி என்று பிரிக்காமல் படித்துப் பாருங்கள்.

1. ஒரு நாள் சமையல்

பிரியாணி வேண்டாம். சாதம், ரசம், ஒரு பொரியல், முட்டை... இவ்வளவு தெரிந்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம்.

குக்கரில் சாதம் வைக்க, ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டிலிருந்து இரண்டரை டம்ளர் தண்ணீர், புழுங்கல் அரிசிக்கு மூன்று டம்ளர். புது அரிசியா, பழைய அரிசியா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். இரண்டு முறை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு அரிசியின் குணம் பிடிபட்டுவிடும். அரிசியோ பருப்போ வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி வந்து ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடும். விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்து முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் நிறைய பேர்.

ரசத்துக்கு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, தக்காளி, உப்பு, மஞ்சள்தூள், ரசப்பொடி சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிட வேண்டும். பிறகு பருப்புத் தண்ணீரை ஊற்றினால், அதற்குமேல் கொதிக்கக் கூடாது. நுரை கட்டி மேலே எழும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடுகு, சீரகம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது வேலை.

சமையல் தெரிந்தவர் கற்றுக்கொடுக்கும்போது ‘உப்பு அளவா போடு’ என்று சொல்லக் கூடாது. புதிதாகக் கற்பவருக்கு ‘அளவு’ என்பதுதானே தெரியாதது? அரை ஸ்பூனா, ஒரு ஸ்பூனா என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

2. துணி, பாத்திரம், பாத்ரூம்

வேலை கிடைத்து வெளியூர் போன முதல் மாதத்தில் பல இளைஞர்கள் கற்கும் பாடம், சிவப்பு டி-ஷர்ட்டோடு ஊறிய வெள்ளைச் சட்டை ரோஸ் ஆகிவிடும் என்பது. சாயம் போகும் துணியைத் தனியாக நனைப்பது, சட்டைப்பையைச் சோதித்துவிட்டு மெஷினில் போடுவது, அறுந்த பட்டனைத் தைப்பது, தையல் பிரிந்த இடத்தை ஊசி நூலால் ஓட்டுவது... இவற்றைக் கற்க ஒரு மாலை போதும்.

இவற்றில் யாரும் பேசாத வேலை, கழிவறை சுத்தம் செய்வது. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் ஓர் இடத்தைக் காலம் முழுக்க ஒருவரே கழுவிக்கொண்டிருப்பதில் எந்த நியாயமும் கிடையாது. வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். கழுவும் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை தெரிந்திருக்க வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது மூச்சைத் திணறவைக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கழிவறை கழுவும் பல திரவங்களில் ஆசிட் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

3. கேஸ் சிலிண்டர்

சிலிண்டரோடு தினமும் புழங்குவது பெரும்பாலும் பெண்கள். ஆனால், மாற்றுவதற்கு மட்டும் ‘அவர் வரட்டும்’ என்று காத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர் வருவதற்குள் கேஸ் கசிந்தால்?

சிலிண்டர் வாங்கும்போதே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சீல் சரியாக இருக்கிறதா, வால்வின் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்பது. இரண்டாவது, கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறம் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும். ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, ‘பி’ என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, ‘சி’ ஜூலை முதல் செப்டம்பர் வரை, ‘டி’ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் இருக்கும் எண், வருடம். அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் குறிக்கும் கெடு அது. கெடு தாண்டியிருந்தால், வேறு சிலிண்டர் கேட்டு வாங்குங்கள்.

ரெகுலேட்டரை மாட்டிய பிறகு, சோப்புத் தண்ணீரை வால்வைச் சுற்றித் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. ஆரஞ்சு நிற ரப்பர் ட்யூபை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

கேஸ் வாசனை வந்தால், எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறி போதும், தீப்பற்ற. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நல்லது என்று நினைத்துப் போடுவது பெரிய ஆபத்து. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சமையல் கேஸ், காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அதனால், வாசல் கதவையும் திறந்துவைப்பது முக்கியம். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இது எல்லா நிறுவனங்களின் சிலிண்டர்களுக்கும் பொதுவான, 24 மணி நேர அவசர உதவி எண்.

4. கரன்ட்

உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு, கீழ்த்தளத்தில் இருக்கும் மீட்டர்களில் உங்களுடையது எது? வீட்டில் இருக்கும் எல்லோராலும், பத்து வயதுக் குழந்தை உட்பட, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

ஸ்விட்ச் போர்டுக்கு மேலே வரிசையாக இருக்கும் சின்ன எம்.சி.பி.கள், லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ கரன்ட்டை நிறுத்தும். வீட்டு வயரையும் பொருளையும் அவை பாதுகாக்கும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு கருவி. கரன்ட் ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குக் கசிய ஆரம்பித்தவுடனே இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்துவார்கள். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்த்து, கரன்ட் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்தக் கருவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரை விலக்க வேண்டும். இரும்புக் கொடிக்கம்பியில் துணி காயப்போடும்போது ஒருவருக்கு ஷாக் அடித்து, காப்பாற்றப் போனவரையும் சேர்த்துப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த ஒரு நொடியில் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதே உயிரைக் காப்பாற்றும்.

5. பணமும் பேப்பரும்

வங்கி கவுன்டர் முன்பு நின்ற அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தெந்த வங்கியில் என்னென்ன கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், இன்ஷூரன்ஸ் பாலிசி எண், நகைக்கடன், சீட்டு, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடம்... எல்லாவற்றையும் எழுதிவைத்த நோட்டு. பாஸ்வேர்டு, பின் நம்பரை அதில் எழுத வேண்டாம். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

‘ஏ.டி.எம். பின் நம்பர் தெரியும், அது போதாதா?’ என்று சிலர் நினைக்கலாம். போதாது. கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு அவர் கார்டில் பணம் எடுப்பது முறையல்ல, பிறகு வாரிசுகளுக்குள் பிரச்னை கிளப்பும். அதைவிட, குடும்பச் செலவுக்கான கணக்கைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ இயக்கலாம் என்ற முறையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் இல்லாவிட்டாலும் இன்னொருவரால் பணம் எடுக்க முடியும்.

எல்லாக் கணக்குகளிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு ஆரம்பித்த கணக்கில் இன்னும் பெற்றோர் பெயரே இருக்கலாம். வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி நியமிக்கும் வசதி 2025 நவம்பர் முதல் வந்திருக்கிறது. இன்னொன்று, வங்கிக் கணக்கின் நாமினி என்றால் பணத்தின் முழு உரிமையாளர் என்று அர்த்தமில்லை. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு உண்டு. சட்டப்படி அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது.

பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறார்களா? 436 ரூபாய் என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டம். அதில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. 20 ரூபாய் என்றால் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். வருடா வருடம் பணம் பிடிப்பது தெரியும், எதற்கு என்று வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பம் கேட்காமலே விட்டுவிடும். பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்தவர் பணிக்காலத்தில் இறந்தால், அதோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சமாக 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இதுவும் பலருக்குத் தெரியாது.

பத்து வருடங்களாக யாரும் தொடாத கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் உரிய ஆவணங்களைக் காட்டி அதைத் திரும்பப் பெறலாம். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கியது. தாத்தா, அப்பா பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

6. போனில் வரும் ஆபத்து

‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. வீடியோ காலிலேயே இருங்கள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று போலீஸ் சீருடையில் ஒருவர் மிரட்டினால்? இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் பணத்தை இழக்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பெரியவர்கள், மனதில் வைத்துக்கொள்ள மூன்று விதிகள். பணம் நமக்கு வருவதற்கு யூ.பி.ஐ. பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால், நம் பணம் போகப்போகிறது. ஓ.டி.பி.யை எந்த வங்கியும் போனில் கேட்காது. அவசரப்படுத்துகிறவரும், ‘யாரிடமும் சொல்லாதே’ என்கிறவரும் மோசடிக்காரராகத்தான் இருப்பார்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நடுவழியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். திட்டுவார்களே என்று பயந்து மறைப்பதில்தான் நேரம் போகிறது. ‘ஏமாந்தா உடனே சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்’ என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. முதலுதவியும் கவனிப்பும்

வீட்டில் ஒருவர் திடீரென மயங்கி விழுகிறார். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை. 108-க்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சு 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு பழைய நிலைக்கு எழும்ப விட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. இதுதான் சி.பி.ஆர். படித்தால் மட்டும் கை பழகாது, பயிற்சி முகாம் நடந்தால் குடும்பத்தோடு போய் பொம்மையில் அழுத்திப் பாருங்கள்.

தீக்காயம் பட்டால் டூத் பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டினால் போதும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே தவறு. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். அளவு மாறக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?’ பெரும்பாலும் மருமகளுக்குப் பதில் தெரியும். பெற்ற மகன் போனில் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்பார். அப்பா, அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்கலாம். இதையும் மகன் செய்யலாம். தங்கைக்கு நாப்கின் வாங்கிவருவதற்கு அண்ணன் கூச்சப்பட எதுவும் இல்லை.

8. சைக்கிளும் நீச்சலும்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: சைக்கிள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால், தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட அதன் பிறகு அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு திறமை கைக்கு வந்தால் என்ன மாறும் என்பதற்குத் தமிழ்நாடு கண்ட பெரிய உதாரணம் அது. இன்று அந்த இடத்தில் ஸ்கூட்டர் இருக்கலாம், கார் இருக்கலாம். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், வண்டி ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

நீச்சலும் அப்படித்தான். கோடை விடுமுறையில் ஏரி, குளம், ஆறு என்று குழந்தைகளைப் பறிகொடுக்கும் செய்தி வராத வருடமே இல்லை. ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவரும் மூழ்குவது தொடர்கிறது. நீச்சல் தெரிந்தவரும் நேராகக் குதிக்காமல், முதலில் எதையாவது வீச வேண்டும். கயிறு, வேட்டி, இறுக மூடிய காலி தண்ணீர் கேன்... எதுவானாலும்.

2020 ஆகஸ்ட்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது, அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் தங்கள் புடவையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். தமிழ்நாடு அரசு அந்தப் பெண்களுக்குத் துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை வழங்கியது. கூச்சப்பட்டு யோசிக்க நேரம் எடுத்திருந்தால், அந்த இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

கேரளாவில் 2024-ல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில், அப்பா சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவது போன்ற படம் இடம்பெற்றது. குழந்தைகள் பாடத்தில் பார்ப்பது நல்லதுதான். ஆனால், வீட்டில் பார்ப்பதைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

ஆறு, ஏழு வயதில் தட்டைக் கழுவுவது, துணி மடிப்பது, வீட்டு முகவரியும் பெற்றோர் போன் நம்பரும் சொல்வது. பத்து வயதில் காய் நறுக்குவது, மெயின் சுவிட்சை அணைப்பது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது. பதினான்கு வயதில் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது சாதம் வடிப்பது, சிலிண்டர் மாற்றுவதைப் பார்த்துப் பழகுவது. பதினெட்டில் வங்கிப் படிவம் நிரப்புவது, ஒரு நாள் வீட்டை முழுதாக நடத்துவது. மகனுக்கு ஒரு பட்டியல், மகளுக்கு ஒரு பட்டியல் என்று வேண்டாம்.

பெரியவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சமைப்பவர் அன்று வங்கி ஆப்பைத் திறந்து மின்கட்டணம் கட்டட்டும். வழக்கமாகக் கட்டணம் கட்டுபவர் சமைக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. தெரிந்தவர் ஹாலில் உட்கார வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். ரசம் உப்புக் கரித்தால் கரிக்கட்டும். ஒரு முறை பாஸ்வேர்டு தப்பானால் ஆகட்டும். ‘தள்ளு, நானே பண்ணிடறேன்’ என்று எழுந்துவிட்டால், அந்த வீட்டில் ஒருவர் கடைசிவரை எதுவும் தெரியாமலே இருந்துவிடுவார்.

முதல் ஞாயிறுக்கு இரண்டு சின்ன வேலைகள் போதும். ஹார்லிக்ஸ் பாட்டில், பூஸ்ட் பாட்டில் என்று அடுக்களையில் இருக்கும் எல்லா டப்பாவிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டுவது, அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவராக இருக்கட்டும். பிறகு, பீரோவில் இருக்கும் ஃபைலை ஹாலில் கொட்டி, நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதுவது, அதில் என்ன இருக்கிறது என்று இதுவரை தெரியாதவராக இருக்கட்டும்.